ஆராய்ச்சிக்கு நேரம் யார் தருவது?

புற்றுநோய் ஆராய்ச்சி மையத்துக்கு இயக்குநர் என்று ஒருவர் இருக்கிறாரே, அவருக்கு என்ன வேலை? பிள்ளையை மருத்துவம் படிக்க வைத்திருக்கும் நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. "ஃபைலில் கையெழுத்துப் போடுவார், மீட்டிங் போவார்" என்று முடித்துவிடலாம். ஆனால் விஷயம் அவ்வளவு சின்னதல்ல. நிதானமாகப் பார்ப்போம்.

நமக்குத் தெரிந்த இடத்திலிருந்தே தொடங்குவோம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவர் முயற்சியால் 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு தொடங்கியது. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-ல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். சிகிச்சை, ஆராய்ச்சி, படிப்பு மூன்றும் ஒரே கூரைக்குக் கீழ் நடக்க வேண்டும் என்பது அவர்கள் எடுத்த முடிவு. நிர்வாகத்தின் கஷ்டமும் பெருமையும் அந்த முடிவில்தான் இருக்கிறது.

ஏன் கஷ்டம்? காய்ச்சலுக்கு வந்தவர் குணமாகி வீட்டுக்குப் போனால் மருத்துவமனையின் கணக்கு முடிந்தது. புற்றுநோயில் அவர் வீட்டுக்குப் போன பிறகுதான் முக்கியமான கணக்கே தொடங்குகிறது. ஐந்து வருடம் கழித்து அவர் எப்படி இருக்கிறார், நோய் திரும்பியதா என்று தெரிந்தால்தான் கொடுத்த சிகிச்சை நல்லதா என்று சொல்ல முடியும். அதற்குக் கோப்பு ஒழுங்காக இருக்க வேண்டும். வராதவரைத் தேடிக் கேட்க ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு மாதாமாதம் சம்பளம் வேண்டும். புதிய கருவி வாங்க நன்கொடை கிடைக்கும்; கோப்பைப் பராமரிப்பவர் சம்பளத்துக்கு யாரும் எளிதில் தரமாட்டார்கள். அந்தப் பணத்தைப் போராடி ஒதுக்குவது இயக்குநரின் வேலை.

சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1981-ல் தேசியத் திட்டத்தின் பகுதியாக அடையாற்றில் தொடங்கியது. ஊழியர்கள் நகரத்து மருத்துவமனைகளுக்கும் பரிசோதனைக் கூடங்களுக்கும் நேரில் போய்த் தகவல் திரட்டினார்கள். இறப்புப் பதிவுகளையும் பார்த்தார்கள். பெண்களிடம் கருப்பைவாய்ப் புற்றுநோய் குறைந்து வருகிறது, மார்பகப் புற்றுநோய் அதைத் தாண்டிவிட்டது என்று இன்று உறுதியாகச் சொல்கிறோமே, அது அப்படித் திரட்டிய விவரத்தின் பலன். ஒரு வருடம் விட்டுப்போயிருந்தாலும் அந்தத் தொடர்ச்சி அறுந்திருக்கும்.

இனி ஆராய்ச்சியாளர்களை வளர்ப்பது. ஓ.பி.யில் காலையிலிருந்து கூட்டம். வாசலில் நோயாளி நிற்கும்போது "நான் இன்று ஆராய்ச்சி செய்யப்போகிறேன்" என்று ஓர் இளம் மருத்துவரால் சொல்ல முடியுமா? மனசு வராது. அவருக்காக அதைச் சொல்ல வேண்டியவர் மேலே இருப்பவர். வாரத்தில் சில மணி நேரத்தை விதைநெல்லைப் போல எடுத்து வைத்து, எவ்வளவு நெருக்கடி வந்தாலும் அதில் கைவைக்காமல் காப்பது அவர் பொறுப்பு.

அடுத்தது, சரியான கேள்வியைத் தேர்ந்தெடுக்கக் கற்றுக்கொடுப்பது. 1980-களில் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு அடையாறு, மும்பையின் டாடா நினைவு மருத்துவமனை, டெல்லி எய்ம்ஸ் ஆகியவை அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தோடு சேர்ந்து எம்.சி.பி. 841 என்ற ஒரே சிகிச்சை முறையைப் பின்பற்றின. நம் நாட்டு வசதிக்குள் எத்தனை குழந்தைகளைப் பிழைக்க வைக்க முடியும் என்பது கேள்வி. மூன்று ஊரும் ஒரே முறையில் பதிவு செய்ததால்தான் பதில் கிடைத்தது. பிழைத்த குழந்தைகளின் எண்ணிக்கையும் முன்பைவிட வெகுவாகக் கூடியது. ஒருவரின் தனித் திறமையால் இது நடந்திருக்காது.

மூன்றாவது, ஒழுங்கு. புதிய மருந்துக்கான சோதனை என்றால் நெறிமுறைக் குழு அனுமதிக்க வேண்டும். 2019-ம் ஆண்டு விதிகளின்படி அக்குழுவில் குறைந்தது ஏழு பேர். குறைந்தது பாதிப் பேராவது அந்த நிறுவனத்தைச் சேராதவர்களாக இருக்க வேண்டும். நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்கி, அவர் சம்மதம் பெற வேண்டும். இதைத் தடை என்று நினைக்கும் இளைஞரை உட்காரவைத்து, இது நோயாளிக்கான காவல் என்று புரியவைப்பதும் வழிகாட்டியின் கடமை. ஆய்வுக் கட்டுரையில் உழைத்தவரின் பெயர் முதலில் வரட்டும் என்று மூத்தவர் தாமாக ஒதுங்குவதும் அதில் சேரும்.

இப்படி வளர்ந்தவர்கள் வெளியேயும் போய் வேர்பிடிக்க வேண்டும். 1984-ல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவத்துக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் உயர்சிறப்புப் படிப்புகள் தொடங்கின. அங்கே படித்தவர்கள் பல ஊர்களில் சிகிச்சை தருகிறார்கள். ஓர் இயக்குநர் எத்தனை கட்டடம் கட்டினார் என்பதைவிட, தமக்குப் பின் எத்தனை பேரை நிற்க வைத்தார் என்பதே என் பார்வையில் சரியான அளவுகோல்.

இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. சிகிச்சை முடிந்து வீட்டில் நலமாக இருப்பவருக்கு மருத்துவமனையிலிருந்து கடிதமோ போனோ வந்தால், "எனக்குத்தான் ஒன்றுமில்லையே" என்று விட்டுவிடாதீர்கள். நன்றாக இருக்கிறேன் என்ற அந்த ஒரு வரிப் பதிலும் ஆராய்ச்சிக்குத் தேவை. தவறாமல் சொல்லுங்கள்.