வெல்லப்பாகு வாசனை வந்தால் வண்டியை நிறுத்துங்கள்!

காருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம், அது அவர் பாடு என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள், சகோதரிகளே! ஓட்டுகிறவருக்குக் கண்ணெல்லாம் ரோட்டின் மேல். இந்தக் கோளாறு முதலில் தெரிவது பக்கத்து ஸீட்டில் இருக்கும் நம் காலடியில்தான்.

எங்கள் வீடு உத்தமபாளையத்தில். வைத்திருப்பது பழைய மாருதி 800. 1983 கடைசியில் வர ஆரம்பித்து, 2014-ல் கம்பெனி தயாரிப்பை நிறுத்திவிட்ட வண்டி. போன ஆவணியில் குமுளியில் ஒரு காது குத்துக்குப் புறப்பட்டோம். லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும், பின் ஸீட்டிலிருந்து மாமியார், "என்ன தாயி, வண்டிக்குள்ள வெல்லப்பாகு காச்சுற வாசம் அடிக்குது?" என்றார். முன் கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிந்து மங்கல். துடைத்தால் பிசுபிசுப்பு. என் காலடி விரிப்பு நனைந்திருந்தது.

"ஏ.ஸி. தண்ணியா இருக்கும்" என்றார் என் வீட்டுக்காரர். ஏ.ஸி. தண்ணீருக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது, கையில் ஒட்டவும் ஒட்டாது. இதுவோ பச்சை நிறம். எஞ்சின் சூட்டை இறக்கும் கூலண்டேதான்! ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிட்டு, கூடலூரில் தெரிந்த மெக்கானிக் தம்பிக்குப் போன் போட்டோம்.

விஷயம் இவ்வளவுதான். கூலண்ட் எஞ்சினைச் சுற்றிச் சூட்டை வாங்கிக்கொண்டு, ரேடியேட்டரில் ஆறித் திரும்பும். அதில் ஒரு கிளை, கட்டைவிரல் கனத்தில் இரண்டு ரப்பர் ஹோஸ் வழியாக, டாஷ்போர்டுக்குள் இருக்கும் குட்டி ரேடியேட்டருக்குப் போய்வரும். அதுதான் ஹீட்டர். நம் ஊர் வெயிலுக்கு ஹீட்டரா என்று சிரிப்பீர்கள். ஹீட்டரை நாம் போடாவிட்டாலும் அந்த ஹோஸ் எஞ்சினோடு ஒட்டியே கிடக்கிறது. சூடும் அழுத்தமும் அதற்கு உண்டு. வருஷம் போகப் போக ரப்பர் இறுகி, கிளிப் கடிக்கும் இடத்தில் வெடிக்கும். கூலண்டுக்குப் பதில் போர் தண்ணீரை ஊற்றிக்கொண்டே வந்தால், அதன் உப்பு குழாய் வாயில் படிந்து இன்னும் கெடுக்கும். சமதளத்தில் அடங்கிக் கிடக்கிற கசிவு, சின்ன கியரில் எஞ்சின் முக்கி முக்கி மலையேறும்போதுதான் வெளியே வரும்.

இப்போது முக்கியமானதைச் சொல்கிறேன். ரேடியேட்டர் மூடியும் நம் பிரஷர் குக்கரும் ஒரே ஜாதி. உள்ளே அழுத்தம் இருப்பதால் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் அடங்கி நிற்கும். மூடியைத் திறந்த நொடியில் பொங்கிச் சீறும். சபரிமலை சீசனில் இதே மலை ரோட்டில், அவசரப்பட்டு மூடியைத் திருகிய ஒருவருக்குக் கையும் நெஞ்சும் வெந்துபோனதைப் பார்த்திருக்கிறேன். யாரோ பேஸ்ட்டை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். பேஸ்ட், மாவு, இங்க், ஐஸ் எதுவுமே கூடாது. சாதாரணத் தண்ணீரைத் தொடர்ந்து 20 நிமிஷம் விட வேண்டும். வளையல், மோதிரம், கொலுசை வீங்குமுன் கழற்றிவிடுங்கள். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் லேசாக மூடி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆகவே எஞ்சினை அணைத்து ஒரு மணி நேரமாவது ஆகி, தொட்டால் கை பொறுக்கும் பக்குவத்துக்கு வந்த பிறகுதான் மூடியில் கை வைக்க வேண்டும். அதுவரை பிள்ளைகள் பானட் பக்கம் வரவே கூடாது.

தம்பி வந்து பார்த்தார். ஹீட்டரில் மாட்டியிருந்த நுனியில் ஹோஸ் வெடித்திருந்தது. "இப்போதைக்கு ஹீட்டர விட்டுட்டு, எஞ்சின் பக்கமே ரெண்டு வாயையும் ஒரே ஹோஸால சேத்துவிடுறேன்க்கா. வீடு போய்ச் சேந்துரும்" என்றார். கூலண்ட் ஊற்றி, சூட்டு முள்ளைப் பார்த்துக்கொண்டே இறங்கினோம். நம் பக்கத்தில் பலர் இதையே நிரந்தர வைத்தியமாக வைத்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளிலும் மூணாறு ரோட்டிலும் மஞ்சு இறங்கும்போது, கண்ணாடியைத் தெளிய வைப்பது ஹீட்டர் காற்றுதானே?

மறுவாரம் ஒர்க் ஷாப்பில் இரண்டு ஹோஸையும் மாற்றினோம். ஒன்று போயிற்றென்றால் கூடப் பிறந்ததும் அதே வயசுதான். ஒன்றை மட்டும் மாற்றுவது வீண் சிக்கனம். நுனியில் மட்டும் வெடிப்பு, ஹோஸில் நீளமும் மிச்சம் இருக்கிறதென்றால், அரை அங்குலம் வெட்டிவிட்டுத் திரும்ப மாட்டலாம். அதுவும் தற்காலிகம்தான். ஆறிய எஞ்சினிலிருந்து கூலண்டை வடித்து, பழைய ஹோஸைப் பிடித்து இழுக்காமல் நீளவாக்கில் கீறிக் கழற்றினார் தம்பி; இழுத்தால் ஹீட்டர் குழாயே வளைந்துவிடுமாம். குழாய் வாயை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, அதே உள் அளவுள்ள புது ஹோஸும் புது கிளிப்பும். ரொம்ப இறுக்கினால் கிளிப்பே ரப்பரை அறுத்துவிடும். கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி ஊற்றி, ஹீட்டர் திருகைச் சூட்டுப் பக்கம் முழுக்கத் திருப்பி, மூடியைத் திறந்தபடியே எஞ்சினை ஓடவிட்டார். குமிழி நிற்கும் வரை ஊற்ற ஊற்ற உள்ளே இழுத்தது. காற்று உள்ளே தங்கினால் எஞ்சின் மறுபடி சூடேறும். மறுநாள் காலையில் மட்டம் இறங்கியிருக்கிறதா என்று நானே பார்த்தேன்; இறங்கவில்லை. ஹோஸும் கிளிப்பும் பெரிய செலவில்லை. பார்க்காமல் ஓட்டி எஞ்சின் ஹெட் வளைந்துபோனால் அதுதான் செலவு!

மிச்சக் கூலண்டை எங்கே வைப்பீர்கள்? பழைய ஜூஸ் பாட்டிலில் ஊற்றி மாடிப்படிக்கு அடியில் வைக்கிற வழக்கம் பல வீடுகளில் உண்டு. தயவுசெய்து வேண்டாம். கூலண்டில் பெரும்பாலும் இருப்பது எத்திலின் கிளைக்கால். நாக்குக்குத் தித்திப்பு, சிறுநீரகத்துக்கு விஷம். பச்சையும் சிவப்புமாகச் சர்பத் மாதிரியே இருக்கும். அதன் சொந்த டப்பாவிலேயே, உயரத்தில் பூட்டி வையுங்கள். தரையில் சிந்தியதை நாயோ பூனையோ நக்குமுன் கழுவிவிடுங்கள். குழந்தை ஒரு வாய் குடித்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால்கூட, விளையாடிக்கொண்டுதானே இருக்கிறது என்று காத்திருக்காதீர்கள். வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். உடனே 108-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அந்த டப்பாவையும் கையோடு எடுத்துப் போனால், உள்ளே போனது என்ன என்று டாக்டருக்குப் பார்த்தவுடன் தெரியும்.