லாத்தூருக்கு வந்த தண்ணீர் ரயில்

2016 ஏப்ரலில் மராட்டியத்தின் லாத்தூருக்கு ஒரு சரக்கு ரயில் வந்தது. அதிலிருந்தது எண்ணெயல்ல, குடிதண்ணீர்! மிரஜிலிருந்து சுமார் 340 கிலோமீட்டர் கடந்து, 10 டாங்கர் வாகன்களில் ஏறக்குறைய 5 லட்சம் லிட்டர். பிறகு 50 வாகன்களாயின.

நகருக்கு நீர் தரும் மாஞ்ச்ரா அணை வறண்டிருந்தது. குழாயடிச் சண்டைக்கு அஞ்சி மார்ச்சிலேயே 144 தடையுத்தரவு போட்டார்கள்.

மழை பொய்த்தது உண்மை. ஆனால் அதே வட்டாரத்தில்தான் கரும்பும் விளைந்தது. விவசாயியைக் குறை கூறிப் பயனில்லை. கரும்பை வாங்க ஆலை உண்டு, துவரைக்கு அந்த நிச்சயம் குறைவு. எனினும் வயலுக்குப் பாய்ந்த நீர் குடத்துக்கு வராது.

ஒன்றைப் பெற மற்றொன்றை விடவேண்டும் என்பதே பொருளாதாரத்தின் அரிச்சுவடி. ரயில் சப்ளையைக் கூட்டும். எதை விடுவதென்று ஊர்தான் தீர்மானிக்க வேண்டும்.