பிளக் இல்லாத ஏசி: அமெரிக்க மின்விதிகள் சொல்வது என்ன?

அமெரிக்க வீடுகளில் ஜன்னலில் பொருத்தும் சிறிய ஏசிக்கு வயர் நுனியில் பிளக் இருக்கும். சாக்கெட்டில் செருகினால் போதும். இன்னொரு வகைக்குப் பிளக்கே கிடையாது. மின்பலகையிலிருந்து வரும் வயரை ஏசிக்குள் இருக்கும் டெர்மினலில் நேரே முடுக்குவார்கள். இரண்டுக்குமான விதிகள் ‘நேஷனல் எலக்ட்ரிகல் கோட்’ என்ற தொகுப்பின் 440-ஆம் பிரிவில் உள்ளன. 1897-இல் முதன்முதலாக வந்த இத்தொகுப்பை இப்போது அந்நாட்டின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் மூன்றாண்டுக்கு ஒருமுறை திருத்தி வெளியிடுகிறது. மாநிலமோ நகரமோ ஏற்றுக்கொண்டால்தான் அது சட்டமாகும். ஆகவே எல்லா இடத்திலும் ஒரே பதிப்பு நடப்பில் இருக்கும் என்று நினைக்கக் கூடாது.

ஒற்றை ஃபேஸில், 250 வோல்ட்டுக்கு மிகாமல் ஓடும் அறை ஏசிக்குப் பிளக் வைக்கலாம். மூன்று ஃபேஸ் என்றாலோ 250 வோல்ட்டைத் தாண்டினாலோ நேரடி இணைப்பு கட்டாயம். ஹோட்டல் அறைகளில் ஜன்னலுக்கு அடியில், சுவரைக் குடைந்து வைத்திருக்கும் நீளப் பெட்டி ஏசிகளில் பல இப்படிப்பட்டவை. பல பெரிய கட்டடங்களுக்கு 480 வோல்ட் மூன்று ஃபேஸ் மின்சாரம் வருகிறது. அதில் ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 277 வோல்ட் இருக்கும். அதற்கென்றே 265 வோல்ட் என்று முத்திரையிட்ட ஏசிகள் தயாராகின்றன.

வயரையும் பிரேக்கரையும் எந்த அளவில் போடுவது என்பதற்கான விடை ஏசியின் நேம் பிளேட்டில் இருக்கிறது. வயர் தாங்க வேண்டிய குறைந்தபட்ச ஆம்பியர், பிரேக்கரின் அதிகபட்ச ஆம்பியர் என இரண்டு எண்களைத் தயாரிப்பாளரே கணக்கிட்டு அச்சிட்டிருப்பார். கம்ப்ரசர் 15 ஆம்பியரும் விசிறி 1 ஆம்பியரும் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். வயருக்கு, கம்ப்ரசர் மின்னோட்டத்தில் 125 சதவீதம் எடுத்து விசிறியினுடையதைக் கூட்ட வேண்டும்: 18.75 கூட்டல் 1, அதாவது 19.75 ஆம்பியர். 12 கேஜ் செம்புக் கம்பி இதற்குப் போதும். பிரேக்கருக்கு 175 சதவீதம் எடுத்தால் விசிறியோடு 27.25 வருகிறது, அதற்குக் கீழே கடையில் கிடைக்கும் அளவு 25 ஆம்பியர்.

இங்கேதான் பழகிய எலக்ட்ரீஷியனும் புருவத்தை உயர்த்துவார். 12 கேஜ் கம்பிக்கு 20 ஆம்பியருக்கு மேல் பிரேக்கர் போடக் கூடாது என்பது வீட்டு வயரிங்கின் பாலபாடம். ஏசிக்கு மட்டும் விலக்கு எதற்கு? கம்ப்ரசர் கிளம்பும் கணத்தில், ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும். ஓட்ட அளவை ஒட்டிப் பிரேக்கர் போட்டால் கிளம்பும்போது அது விழுந்துவிடக்கூடும். எனவே இந்த மின்சுற்றில் பிரேக்கரின் வேலை ஷார்ட் சர்க்யூட்டையும் எர்த் கோளாறையும் துண்டிப்பது மட்டுமே. கம்ப்ரசர் திணறி அதிக மின்சாரம் இழுத்தால் நிறுத்துவது அதனுள்ளேயே இருக்கும் ஓவர்லோடு காப்பின் வேலை. கம்பி சூடாகாமல் காப்பதும் அதுவே. 175 சதவீதத்திலும் கிளம்ப மறுத்தால் 225 வரை போக விதி இடம் தருகிறது. அதைத் தாண்ட முடியாது. மெல்ல வேகமெடுக்கும் இன்வெர்ட்டர் ஏசிகளுக்கு இந்தச் சலுகை பெரிதாகத் தேவைப்படுவதில்லை.

அமெரிக்க வீடுகளில் 240 வோல்ட் என்பது இந்தியாவைப் போல ஒரு ஃபேஸும் நியூட்ரலும் சேர்ந்து வருவதல்ல. தலா 120 வோல்ட் உள்ள இரண்டு லைன்கள் சேர்ந்து தருவது. அதனால் இரண்டையும் ஒன்றாகத் துண்டிக்கும் இரட்டைப் பிரேக்கர் வேண்டும். சாதாரண கேபிளில் கறுப்பு, வெள்ளை, உறையில்லாத எர்த் கம்பி என மூன்று இருக்கும். வெள்ளை வழக்கமாக நியூட்ரலின் நிறம். இங்கே அதுவும் 120 வோல்ட் உள்ள ஒரு லைன். ஆகவே அதன் இரு நுனிகளிலும் கறுப்பு அல்லது சிவப்பு டேப் சுற்றி அடையாளம் காட்ட வேண்டும். பின்னால் திறந்து பார்ப்பவர் வெள்ளைதானே என்று கை வைத்துவிடக் கூடாது. எர்த் கம்பி ஏசியின் உலோக உடலில் அதற்கென உள்ள திருகில் சேரும்.

பிளக் உள்ள ஏசியின் வயரை வெட்டி நேரே இணைத்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அந்தப் பிளக் பருத்து இருப்பதற்கும், அதில் ‘டெஸ்ட்’, ‘ரீசெட்’ பொத்தான்கள் இருப்பதற்கும் காரணம் இருக்கிறது: வயர் நசுங்கி மின்கசிவோ தீப்பொறியோ ஏற்பட்டால் துண்டிக்கும் சாதனம் அதற்குள் உள்ளது. வெட்டினால் அந்தக் காப்பு போய்விடும். தயாரிப்பாளரின் குறிப்புப்படியே பொருத்த வேண்டும் என்ற விதியும் மீறப்படும். வளையும் வயரைச் சுவருக்குள் நிலையான வயரிங்காக ஓட்டவும் அனுமதி இல்லை.

பிளக்கைப் பிடுங்கி நிறுத்தும் வசதி இல்லாததால் நேரடி இணைப்புக்குத் தனியே ஒரு துண்டிப்பு ஸ்விட்ச் வேண்டும். அது ஏசியிலிருந்து கண்ணுக்குத் தெரியும்படி, 50 அடிக்குள் இருக்க வேண்டும். ஏணி போடாமல் கைக்கு எட்ட வேண்டும். பழுது பார்ப்பவர் உள்ளே கை விட்டிருக்கும்போது அடுத்த அறையில் யாரும் மின்சாரத்தைப் போட்டுவிடக் கூடாதல்லவா? கம்ப்ரசரும் விசிறியும் சேர்ந்து இழுக்கும் மின்னோட்டத்தில் குறைந்தது 115 சதவீதத்தை அந்த ஸ்விட்ச் தாங்க வேண்டும். ஏசியின் மேலேயே அதைப் பொருத்தலாம். ஆனால் நேம் பிளேட்டை மறைத்து வைக்கக் கூடாது என்று விதி தனியாகவே சொல்கிறது.