ஒன்பது ரூபாய் பன்னிரண்டு அணா

மைசூரு நகரின் யாதவகிரியில் உள்ள ஒரு பழைய வீடு 2016ஆம் ஆண்டு முதல் அருங்காட்சியகமாக விளங்குகிறது. ஆங்கிலத்தில் கதைகள் எழுதிப் பெரும்புகழ் பெற்ற ஆர். கே. நாராயண் வாழ்ந்த இல்லம் அது. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட அவர், 1906ஆம் ஆண்டு சென்னையில் பிறந்தார். தந்தையார் மைசூரில் தலைமையாசிரியராகப் பணியாற்றியமையால் இந்நகருக்கு வந்தார். உங்களுள் பலரைப் போலவே, வீட்டில் தமிழும் வெளியில் கன்னடமும் கேட்டு வாழ்ந்தார்.

மதிப்பெண் இல்லாத கல்வி

கல்லூரி நுழைவுத் தேர்வில் நாராயண் ஒருமுறை தோல்வியுற்றார். ஓராண்டு வீட்டிலேயே இருக்க நேர்ந்தது. அது வீணாகிய ஆண்டு என்று பலரும் கருதுவர். அவரோ விருப்பம்போல் நூல்களைப் படித்தார், குக்கரஹள்ளி ஏரிக்கரையில் அமர்ந்து பொழுதைக் கழித்தார், எழுதிப் பழகினார். எவரும் மதிப்பெண் இடாத அக்கல்வியே பின்னாளில் அவருக்குத் துணைநின்றது.

பின்னர் மகாராஜா கல்லூரியில் பயின்று 1930ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். ஆசிரியர் பணியும் கிடைத்தது. மாதந்தோறும் ஊதியம் தரும் அப்பணியைச் சில நாள்களிலேயே துறந்து, எழுத்தே தம் தொழில் என்று முடிவு செய்தார். முதல் ஆண்டில் எழுத்தால் அவருக்குக் கிடைத்த வருவாய் ஒன்பது ரூபாய் பன்னிரண்டு அணா மட்டுமே. அந்நாளில் ஒரு ரூபாய்க்கு 16 அணா. எனவே 12 அணா என்பது 75 பைசாவுக்குச் சமம்.

வீதியில் கிடைத்த செல்வம்

வருவாய் குறைவாயினும் அவரிடம் நேரம் மிகுதியாக இருந்தது. மைசூரின் வீதிகளில் நாள்தோறும் நடந்தார், எதிர்ப்பட்டவர்களுடன் உரையாடினார், அவர்தம் பேச்சையும் கவலையையும் நகைச்சுவையையும் உற்று நோக்கினார். அவ்வாறு கண்டவையும் கேட்டவையும் அவர் படைத்த ‘மால்குடி’ என்னும் கற்பனை ஊருக்கு உயிரூட்டின. இனிப்பு விற்பவர், விளம்பரப் பலகை எழுதுபவர், அச்சகத்தார், சுற்றுலா வழிகாட்டி போன்ற எளிய மனிதர்களே அவருடைய கதைத்தலைவர்கள். அவரது முதல் புதினம், ஆங்கில எழுத்தாளர் கிரகாம் கிரீனின் பரிந்துரையால் 1935ஆம் ஆண்டு இலண்டனில் வெளிவந்தது.

அவருடைய மற்றொரு புதினத்தில் மார்க்கையா என்பவர் வருகிறார். கூட்டுறவு வங்கியின் எதிரே ஆலமரத்தடியில் அமர்ந்து, சிற்றூர் மக்களுக்குக் கடன் விண்ணப்பம் எழுதித் தருபவர் அவர். பணத்தையே நாடிப் பெருஞ்செல்வர் ஆகிறார். செல்வம் பெருகப் பெருக மகனுக்கும் அவருக்கும் இடையே இருந்த அன்பு தேய்கிறது; இறுதியில் செல்வமும் கைநழுவுகிறது.

அளவறிந்து வாழ்தல்

எனினும், நாராயண் பணத்தை வெறுத்தவர் அல்லர். திருமணத்திற்குப் பின் குடும்பத்தின் தேவைக்காகச் செய்தியாளராகவும் உழைத்தார். 1942ஆம் ஆண்டு சொந்தமாகப் பதிப்பகம் தொடங்கினார். குடும்பத்தாரின் ஆதரவு இருந்தமையாலும், தம் தேவைகளை அவர் சுருக்கிக்கொண்டமையாலுமே விரும்பிய வழியில் செல்ல முடிந்தது. நும் பெற்றோர் ஊரையும் உறவையும் விட்டு வந்து பொருள் ஈட்டுவதும் நுமக்கு அத்தகைய ஆதரவை அளிப்பதற்கே. எனவே பொருளீட்டுதல் இழிவன்று. ஆனால் எவ்வளவு போதும் என்று அறியாதவர்க்கு, எவ்வளவு ஈட்டினாலும் வாழ்வதற்கு நேரம் கிடைப்பதில்லை.

குழந்தைகளுக்காக ஒரு குரல்

நாராயண் 1986ஆம் ஆண்டு மாநிலங்களவை உறுப்பினராக நியமிக்கப்பட்டார். 1989இல் அங்கு ஆற்றிய உரையில், பள்ளிக் குழந்தைகள் சுமக்கும் புத்தகப் பையின் எடையைப் பற்றியே பேசினார். ஓயாத பாடங்களால் விளையாடவும் கனவு காணவும் அவர்களுக்கு நேரமில்லையே என வருந்தினார். பின்னர், மாணவர்களின் கற்றல் சுமையை ஆராய அறிவியலறிஞர் யஷ்பால் தலைமையில் அரசு ஒரு குழுவை அமைத்தது. அக்குழு 1993இல் அறிக்கை அளித்தது.

இளமையில் ஏரிக்கரையில் தாம் பெற்ற ஓய்வான பொழுதை, முதுமையில் எல்லாக் குழந்தைகளுக்கும் உரியதாகக் கேட்டார் நாராயண். மாணவர்களே, நன்கு படியுங்கள். நல்ல பணியில் அமருங்கள். அத்துடன் நாள்தோறும் சிறிது பொழுதேனும் சுற்றியுள்ள மனிதரையும் இயற்கையையும் கூர்ந்து நோக்கப் பழகுங்கள். செலவழித்த பணத்தை மீண்டும் ஈட்டலாம். காணாமல் கழித்த பொழுதை ஈட்ட இயலாது.