தொட்டிக்குள் அடங்குமா பவளத்தீவு?

தென் அந்தமானில் உள்ள வாண்டூர் படகுத்துறையில், ஜாலி பாய் தீவுக்குப் புறப்படும் பயணிகளின் பைகளை வனத்துறையினர் சோதித்தே அனுப்புகின்றனர். நெகிழிப் பொருள் எதுவும் தீவுக்குள் செல்லக் கூடாது என்பது அங்குள்ள விதி. தீவை அடைந்ததும், கண்ணாடி அடித்தளம் கொண்ட சிறு படகில் அமர்ந்து கீழே நோக்கினால், மான்கொம்பு போலக் கிளைத்தவை, மனித மூளை போலச் சுருண்டவை, தோல் போலத் தடித்தவை, காளான் போல விரிந்தவை எனப் பவளங்கள் வரிசையாகக் கடந்து செல்கின்றன. அவற்றைக் காணும் எவருக்கும் ஓர் ஆசை எழக்கூடும். இதில் ஒரு கிளையை வீட்டு மீன்தொட்டியில் வைத்து வளர்க்க இயலாதா?

இவ்வினாவுக்குச் சட்டம் தரும் விடை ஒன்று. உயிரியல் தரும் விடை மற்றொன்று. முதலில் உயிரியலைப் பார்ப்போம்.

பவளம் என்பது கல்லும் அன்று, செடியும் அன்று. அது விலங்கு. ஒரு வாயும் அதைச் சுற்றிய உணர்கொம்புகளும் கொண்ட மிகச் சிறிய உயிரிகள், ஆயிரக்கணக்கில் ஒட்டி வாழும் குடியிருப்பே நாம் காணும் பவளம். அவற்றின் திசுக்களுக்குள் ஒற்றைச் செல் பாசிகள் குடியிருக்கின்றன. பாசி வெயிலைக் கொண்டு உணவு சமைக்கிறது. பவளம் அதற்கு இடமும் சத்தும் தருகிறது. பல இனங்களில் பவளத்துக்குத் தேவையான ஆற்றலின் பெரும்பகுதி இந்தக் குடித்தனக்காரரிடமிருந்தே கிடைக்கிறது. ஆகவே பவளம் வளர்ப்பவர், விலங்கு, பாசி, நீரின் வேதியியல் ஆகிய மூன்றையும் ஒருசேரக் காக்க வேண்டியவராகிறார்.

தொட்டிகளில் பவளம் வளர்க்கும் அயல்நாட்டு ஆர்வலர்கள் அவற்றைப் பொதுவாக மூன்று படிகளாகப் பிரிக்கின்றனர். முதற்படி மென்பவளங்கள். தோல் பவளமும் அதன் உறவினங்களும் இவ்வகையின. இவற்றுக்குச் சுண்ணாம்புக் கூடு இல்லை. ஆதலால் நீரிலுள்ள கால்சியத்தை மிகுதியாகக் கேட்பதில்லை. மிதமான ஒளியும் மெல்லிய நீரோட்டமும் போதும். நீர் சிறிது மாசுற்றாலும் பொறுத்துக்கொள்ளும். காளான் பவளம் எனப்படுவது உண்மையில் வேறு குடும்பத்தைச் சேர்ந்ததாயினும், பொறுமையில் இவற்றுக்குச் சளைத்ததன்று. புதிதாகத் தொடங்குபவரின் பிழைகளை மன்னிக்கும் இனங்கள் இவையே.

இரண்டாம் படி, பெரிய வாய்களும் சதைப்பற்றும் கொண்ட கற்பவளங்கள். மூளைப் பவளம், குமிழ்ப் பவளம் போன்றவை இதில் அடங்கும். இவை கூடு கட்டுவதால் கால்சியம், மக்னீசியம், காரத்தன்மை ஆகியவற்றை அளந்து பார்த்து ஈடுசெய்ய வேண்டும். அவ்வப்போது இறால் துணுக்கு போன்ற உணவையும் ஏற்கும். அருகில் உள்ளவற்றைக் கொட்டும் நீண்ட உணர்கொம்புகள் சிலவற்றுக்கு உண்டு. எனவே இடைவெளி விட்டு வைப்பதும் ஒரு கலை.

மூன்றாம் படி, நுண்ணிய வாய்களைக் கொண்ட கிளைப் பவளங்கள். மான்கொம்பு வடிவில் வளரும் அக்ரோபோரா இவற்றுள் முதன்மையானது. கடலில் ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர் வரையிலும், சில வேளை அதற்கு மேலும் வளரும் இந்த இனம், தொட்டியிலும் அதே பசியோடு கால்சியத்தை உறிஞ்சுகிறது. வலிய ஒளி, அலைபோல் மாறி மாறி அடிக்கும் நீரோட்டம், லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்குக் குறையாத கால்சியம், 25 பாகை செல்சியஸை ஒட்டிய வெப்பநிலை எனப் பட்டியல் நீள்கிறது. இவற்றைவிடக் கடினமானது, இந்த அளவுகள் நாளுக்கு நாள் மாறாமல் இருப்பது. இருநூறு லிட்டர் தொட்டியில் நான்கு லிட்டர் நீர் ஆவியானாலே உப்பின் செறிவு இரண்டு விழுக்காடு உயர்ந்துவிடும். கோடையில் மின்தடை சில மணி நேரம் நீடித்தால், மாதக்கணக்கான உழைப்பு ஓரிரவில் வெளுத்துப்போகலாம்.

இம்மூன்று படிகளுக்கும் வெளியே ஒரு வகை உண்டு. உடலில் பாசி இல்லாத பவளங்கள் அவை. ஆரஞ்சு நிறச் சூரியப் பவளமும், பூங்கொத்துப் போன்ற சில மென்பவளங்களும் ஒளியை நம்பி வாழ்வதில்லை. வாய்க்கு வாய் உணவு தேடுபவை. சூரியப் பவளத்தின் ஒவ்வொரு வாய்க்கும் பொறுமையாக ஊட்ட வேண்டும். ஓயாது மிதவை உயிரிகளை எதிர்பார்க்கும் அந்த மென்பவளங்களோ, கைதேர்ந்தவர் தொட்டியிலும் பெரும்பாலும் பட்டினியால் மடிகின்றன. மென்மையானது எல்லாம் எளிதானதன்று என்பதற்கு இவையே சான்று.

இந்த அறிவு எளிதில் வந்ததன்று. இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங் என்பவர், கடலிலிருந்து எடுத்த உயிருள்ள பாறைகளையும் காற்றுக் குமிழிகளையும் கொண்டே தொட்டியில் பவளங்களை வாழவைத்து, 1961இல் அந்த முறையை உலகுக்கு எழுதிக் காட்டினார். நீரைத் தூய்மையாக்குவது கருவியைக் காட்டிலும் பாறையில் குடியிருக்கும் நுண்ணுயிரிகளே என்ற அவருடைய பார்வை இன்றும் நிலைத்திருக்கிறது.

தொட்டியில் கண்ட இந்த வரிசையை அந்தமான் கடல் மிகப் பெரிய அளவில் நமக்குக் காட்டியிருக்கிறது. 2010ஆம் ஆண்டின் கோடையில் அங்கு கடல்நீரின் வெப்பம் 31 பாகையைக் கடந்து வாரக்கணக்கில் நீடித்தது. பாசிகள் பவளத்தைவிட்டு வெளியேற, பாறைகள் வெண்ணிறமாயின. 1998இலும் 2016இலும் இதே துயரம் நேர்ந்தது. இத்தகைய வேளைகளில் முதலில் வீழ்பவை பொதுவாக அக்ரோபோரா போன்ற கிளைப் பவளங்களே. ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில் மெல்ல வளரும் உருண்டைத் திரள்களான போரைட்டிஸ் வகை, பல இடங்களில் தாங்கி நிற்கிறது. விரைந்து வளர்வது விரைந்து வீழ்கிறது. நிதானமாகச் சேர்த்தது நிலைக்கிறது. சேமிப்பை அறிந்தவர்களுக்கு இந்தப் பாடம் புதிதன்று.

ஆயினும், எத்தனை நிதானமும் காக்க முடியாத வேளையும் உண்டு. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தின்போது வடக்கு அந்தமானின் மேற்குக் கரையோரம் ஒரு மீட்டர் அளவுக்கு உயர்ந்தது. இன்டர்வியூ தீவைச் சுற்றியிருந்த பவளப் பாறைகள் நீருக்கு மேலே வந்து வெயிலில் காய்ந்து இறந்தன. தெற்கே நிக்கோபாரில் நிலம் தாழ்ந்தது. இந்திரா முனையின் கலங்கரை விளக்கத்தின் அடியைக் கடல் சூழ்ந்தது.

இனி, சட்டம் தரும் விடை. 2001 ஜூலை 11 அன்று, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கற்பவளங்கள் அனைத்தும், கரும்பவளம், குழற்பவளம், தீப்பவளம், கடல்விசிறி ஆகியவையும் சேர்க்கப்பட்டன. புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு இவற்றுக்கும் உண்டு. எடுப்பது மட்டுமன்று, விற்பதும் வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றம். 1983இல் வாண்டூரில் அமைந்த மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவின் எல்லைக்குள் இறந்த பவளத் துண்டைக் கூட எடுத்துவர அனுமதியில்லை. ஆகவே மேற்சொன்ன இரண்டாம், மூன்றாம் படிப் பவளங்களை இந்திய வீட்டுத் தொட்டியில் வளர்க்கும் வினாவே எழவில்லை.

இக்கடுமைக்குக் காரணம் உண்டு. மன்னார் வளைகுடாவில் பல பத்தாண்டுகள் சுண்ணாம்புக்காகப் பவளப் பாறைகள் வெட்டி எடுக்கப்பட்டன. அலையைத் தடுக்கும் அரண் குறைந்தது. அங்கிருந்த 21 தீவுகளில் இரண்டு நீருக்குள் மறைந்தன. அதே கடலில், தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் 2002 முதல், உடைந்த பவளக் கிளைகளைச் சிமெண்டுச் சட்டங்களில் கட்டிக் கடலடியில் நட்டு வளர்த்து வருகிறது. தொட்டி ஆர்வலர் கிளையை ஒடித்து நடுவதும் இம்முறையே. வேறுபாடு ஒன்றுதான்: இங்கே தொட்டி என்பது கடல்.

முதலைத் தொடாமல் வட்டியில் வாழ்பவரே செல்வத்தைக் காக்கிறார். பவளப் பாறை நமக்குத் தரும் வட்டி மீனாகவும், கரையைக் காக்கும் அரணாகவும், கண்ணாடிப் படகில் கழியும் ஒரு மணி நேர வியப்பாகவும் வருகிறது. அந்தமான் செல்பவர்கள் பாறையின் மீது கால் ஊன்றாமலும், மணற்பரப்பில் மட்டும் நங்கூரம் இடும் படகையே தேர்ந்தும், பவள அலங்காரப் பொருள் எதையும் வாங்காமலும் திரும்பினால் அந்த முதல் குறையாது. கடினமான வகையென எந்தப் பவளத்தைச் சொன்னாலும், அதை வளர்க்கத் தெரிந்த தொட்டி ஒன்று ஜாலி பாய்க்கு அருகே ஏற்கெனவே இருக்கிறது. நாம் செய்ய வேண்டியது அதைக் கலைக்காமல் இருப்பதே.