குச்சி ஐசும் குழந்தை நலமும்

மாசித் திங்களில் மண்டைக்காட்டுக் கொடை, மார்கழியில் சுசீந்திரம் தேரோட்டம், அதற்குச் சற்று முன்னர்க் கோட்டாற்றுச் சவேரியார் கோவில் திருவிழா, ரஜப் மாதத்தில் தக்கலைப் பீர்முகம்மது அப்பா ஆண்டு விழா என நாஞ்சில் நாட்டிலும் அதனை அடுத்த கல்குளம், விளவங்கோடு பகுதிகளிலும் எச்சமயத்தார் விழா எடுத்தாலும், அங்கெல்லாம் தவறாது வந்து நிற்பவர் ஒருவர் உண்டு. அவர்தாம் ஐஸ்காரர். மிதிவண்டியின் பின்னால் கட்டிய பெட்டியும் கையிலொரு மணியுமாக அவர் தெருமுனையில் தோன்றிய மாத்திரத்தில், வீட்டுக்குள் பிள்ளைகளின் முறையீடு தொடங்கிவிடுகிறது. வாங்கிக் கொடுப்பதா, மறுப்பதா என்னும் வழக்கில் தாயும் தந்தையும் பாட்டியும் மூன்று கட்சியாகப் பிரிந்து நிற்பதும் நாம் நாள்தோறும் காண்பதே. அவ்வழக்கை அறிவியல் துணைகொண்டு சற்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் பெயரை நோக்குவோம். உறைந்த நீரைத் தமிழன் அறிந்தது வானிலிருந்து விழுந்த ஆலங்கட்டி வழியாகத்தான். ஆலி என்னும் சொல் சங்க நூல்களிலேயே பயில்வது. எனினும், நம் பிள்ளைகள் சுவைப்பதற்கு ஆலி என்றோ பனிக்கட்டி என்றோ யாரும் பெயரிடவில்லை. குச்சியில் நிற்பது குச்சி ஐஸ். பாலில் செய்தது பால் ஐஸ். நுனியில் சேமியா ஒட்டியிருப்பது சேமியா ஐஸ். கண்டதைக் கண்டவாறு பெயரிடும் மக்கள் வழக்கின் எளிமைக்கு இவை நல்ல சான்றுகள். எனவே, நாமும் இக்கட்டுரையில் அவ்வழக்கையே மேற்கொள்கிறோம்.

பனிக்கட்டி நம் நாட்டில் நெடுங்காலம் செல்வர்க்கே உரிய பொருளாயிருந்தது. அக்பர் காலத்தில் இமயத்திலிருந்து பனி கொணரப்பட்டதையும், வெடியுப்பு கலந்த நீரில் கலத்தை வைத்துக் குடிநீரைக் குளிர்வித்ததையும் அயினி அக்பரி குறிக்கின்றது. 1833 ஆம் ஆண்டில் பிரடெரிக் டியூடர் என்னும் அமெரிக்க வணிகர், பாஸ்டன் நகரையடுத்த ஏரிகளில் வெட்டிய பனிப்பாளங்களை மரத்தூளில் பொதிந்து கப்பலேற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். சென்னையில் அவர் சரக்கைச் சேமிக்கக் கட்டப்பெற்றதே கடற்கரைச் சாலையிலுள்ள ஐஸ் ஹவுஸ். 1897 இல் விவேகானந்தர் தங்கிய காரணத்தால் அது இன்று விவேகானந்தர் இல்லம் என வழங்குகிறது. குச்சி ஐஸ் பிறந்த கதையோ தற்செயலானது. 1905 ஆம் ஆண்டில் பிராங்க் எப்பர்சன் என்னும் பதினோரு வயதுச் சிறுவன், கலிபோர்னியாவில் தன் வீட்டுத் தாழ்வாரத்தில் இனிப்பு நீர்க் குவளையைக் கலக்கும் குச்சியோடு மறந்து வைத்துவிட்டானாம். இரவுக் குளிரில் அது குச்சியோடு சேர்ந்து உறைந்தது. வளர்ந்தபின் 1924 இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றான். குழந்தையின் மறதியில் பிறந்த பண்டம் குழந்தைகளையே ஆட்கொண்டது பொருத்தந்தானே!

இனி, இது செய்யப்படும் முறையை அறிதல் வேண்டும். அதில்தான் நன்மையும் தீமையும் அடங்கியுள்ளன. உப்புக் கலந்த நீர் சுழியப் பாகைக்குக் கீழும் உறையாது நிற்கும். பனிக்கட்டியோடு உப்பைத் தக்க அளவில் கலந்தால் சுழியத்திற்குக் கீழே இருபத்தொரு பாகை வரையில் குளிர்ச்சி இறங்கும். தொழிற்கூடங்களில் அம்மோனியாவால் குளிர்விக்கப்பட்ட உப்புநீர்த் தொட்டி இருக்கும். இனிப்பு நீர் ஊற்றிய அச்சுகளை அதனுள் இறக்குவர். அரைகுறையாக உறையும்போது குச்சியைச் செருகுவர். முழுதும் உறைந்தபின் அச்சைச் சாதாரண நீரில் ஒருகணம் தோய்த்தால் ஐஸ் கழன்றுவரும். இவ்வளவே தொழில். இம்முறையில் நெருப்புக்கு எங்கும் வேலையில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நீரைக் கொதிக்கவைத்து ஆற்றி ஊற்றினாலன்றி, அதிலுள்ள கிருமிகளை அழிக்கும் கட்டம் ஒன்றுகூட இடையில் வருவதில்லை.

‘அவ்வளவு குளிரில் கிருமி பிழைக்குமா?’ என்று பலர் வினவுகின்றனர். பிழைக்கும். உறைநிலையில் கிருமிகளுள் ஒரு பகுதி மடிகிறது, மறுபகுதி உறங்குகிறது, வாயில் உருகியதும் விழிக்கிறது. குடற்காய்ச்சலை உண்டாக்கும் நுண்ணுயிர் பனிக்கட்டியில் தாக்குப்பிடிக்க வல்லது. 1946 ஆம் ஆண்டில் வேல்சு நாட்டின் அபெரிஸ்ட்வித் நகரில் ஐஸ்கிரீம் வழியே குடற்காய்ச்சல் பரவியது மருத்துவ வரலாற்றில் பதிவாகியுள்ளது. மஞ்சட்காமாலையை விளைக்கும் ஹெபடைட்டிஸ் ஏ நச்சுயிரியோ இன்னும் உறுதியானது. 2013 இல் உறையவைத்த பழங்களின் மூலமாகவே அது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பலரைத் தாக்கியது.

இதனை நாம் நூலறிவாக மட்டும் எழுதவில்லை. நம் இல்லத்துப் பிள்ளையொன்று ஐந்து வயதில் காமாலையில் வீழ்ந்து ஒரு மாதம் பள்ளி செல்லாதிருந்தது. கண் மஞ்சளித்த பின்னரே நாம் விழித்தோம். விழாக்கூட்டத்தில் வாங்கிக் கொடுத்த ஐஸ் நினைவுக்கு வந்தது. ஆனால், அது நான்கு வாரங்களுக்கு முன் நிகழ்ந்தது. இந்நோய் உடலுட் புகுந்து வெளிப்பட இரண்டு முதல் ஏழு வாரம் வரை ஆகும் என்று மருத்துவர் கூறினார். இடையில் அப்பிள்ளை குடித்த நீர் எத்தனை, உண்ட பண்டம் எத்தனை! அந்த ஐசே காரணமென்று அறுதியிட்டுக் கூற நம்மால் இயலவில்லை, இன்றும் இயலாது. குற்றவாளியைக் காட்டாமல் மறையும் இத்தன்மைதான் இந்நோயின் கொடுமை. விற்றவரும் அதே நீரைத்தான் குடித்திருப்பார். அவர் வீட்டுப் பிள்ளையும் அதே ஐசைத் தின்றிருக்கும்.

நம் மாவட்டத்திற்கே உரிய மற்றொரு செய்தியும் உண்டு. குளச்சல், முட்டம், சின்னமுட்டம் எனக் கடற்கரை நெடுகிலும் மீன்பிடித் துறைகள் இருத்தலின், மீனைக் காக்கும் பனிக்கட்டிக்கு இங்குத் தேவை மிகுதி. மீனுக்கென வார்க்கும் பாளம் குடிநீரில் வார்க்கப்பட வேண்டுமென்னும் எண்ணம் எல்லாரிடத்தும் இருப்பதில்லை. அப்பாளம் உடைபட்டுச் சர்பத்துக் குவளையிலோ, சீவிய ஐசிலோ சேருமாயின் கண்ணால் வேறுபாடு காணல் அரிது. இதனை உணர்ந்தே மகாராட்டிர மாநிலத்தில் 2018 ஆம் ஆண்டில், உண்ணத்தகாத பனிக்கட்டிக்கு நீலநிறம் ஏற்றவேண்டுமென ஆணையிட்டனர். எளிய வழி, நம் கடற்கரைக்கும் ஏற்ற வழியென்றே தோன்றுகிறது.

அடுத்து நிறம். பிள்ளைகள் நாவால் தேர்வதற்கு முன்னர்க் கண்ணால் தேர்கின்றனர். வணிகர் இதனை நன்கறிவர். நம் நாட்டில் உணவிற் சேர்க்க இசைவு பெற்ற செயற்கை நிறங்கள் எட்டு. அவற்றுள் டார்ட்ரசின், சன்செட் எல்லோ, கார்மோசின், பான்சோ 4 ஆர் ஆகிய நான்கும், சில குழந்தைகளின் செயலையும் கவனத்தையும் பாதிக்கக்கூடும் என்னும் எச்சரிக்கையோடு விற்கப்படவேண்டுமென ஐரோப்பிய ஒன்றியம் 2010 முதல் விதித்துள்ளது. 2007 இல் இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில் நிகழ்ந்த ஆய்வே அதற்கு அடிப்படை. இதனால் அஞ்சி நடுங்க வேண்டுவதில்லை; நிறம் வெளிறியதைத் தேர்ந்தால் போதும். அஞ்சத்தக்கவை இசைவு பெறாத நிறங்களே. துணிக்கும் காகிதத்திற்கும் ஏற்றும் ரோடமின் பி என்னும் சாயம் பஞ்சுமிட்டாயில் கண்டறியப்பட்டதால், 2024 பிப்ரவரியில் புதுச்சேரியும் தொடர்ந்து தமிழ்நாடும் அதன் விற்பனையைத் தடைசெய்தன. பஞ்சுமிட்டாயில் புகுந்த சாயம் ஐசில் புகாது என்பதற்கு உறுதி ஏது? நாக்கில் ஒட்டிய நிறத்தைக் கொண்டு நல்லது தீயது அறியலாம் என்பர். அது பிழை. இசைவு பெற்ற நிறமும் நாக்கில் ஒட்டத்தான் செய்யும்.

இனிப்பைப் பற்றி ஒரு நுட்பம் கூறவேண்டும். குளிர்ச்சியில் நாவின் சுவையுணர்வு மங்குகிறது. எனவே, உறைந்த பண்டம் இனிக்க வேண்டுமாயின் சாதாரண பானத்தினும் மிகுதியாகச் சர்க்கரை இடவேண்டும். ஒரு குச்சி ஐசைக் குவளையில் உருகவிட்டு, அந்நீரை வெதுவெதுப்பாக அருந்திப் பாருங்கள், திகட்டும். அதுவே அதன் உண்மையான இனிப்பு. நீர் ஐசில் பத்து விழுக்காட்டுக்குக் குறையாமல் சர்க்கரை இருக்கவேண்டும் என்பதே நம் உணவுச் சட்டத்தின் விதி. எனவே, அறுபது கிராம் எடையுள்ள ஐசில் குறைந்தது ஆறு கிராம் உண்டு. பெரும்பாலும் அதனினும் கூடுதல். இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு நாளொன்றுக்கு இருபத்தைந்து கிராமுக்குள் சேர்க்கைச் சர்க்கரை அடங்கவேண்டும் என்பது அமெரிக்க இதயநலச் சங்கத்தின் அறிவுரை. காலைத் தேநீர், மாலை ரொட்டி, இடையில் மிட்டாய் எனக் கூட்டினால் ஐசுக்கு இடம் அன்றாடம் கிடைக்காது. வாரம் ஒருமுறை கிடைக்கும். சர்க்கரைச் செலவை மிச்சம் பிடிக்கச் சிலர் சாக்கரினை இடுகின்றனர். குச்சி ஐசில் செயற்கை இனிப்பு எதுவும் கூடாதென விதி உள்ளது. உண்டு முடித்த பின்னர் நாவில் நெடுநேரம் நிற்கும் கசப்பு அதனைக் காட்டிக்கொடுக்கும்.

பாட்டிமார் தொடுக்கும் வழக்கு வேறு. ‘ஐஸ் தின்றால் சளி பிடிக்கும்’ என்பது அவர்தம் முடிபு. சளிக்குக் காரணம் நச்சுயிரி, குளிர்ச்சி அன்று. தொண்டைச் சதை நீக்கிய பிள்ளைக்கு மருத்துவரே ஐஸ் கொடுக்கச் சொல்வதை அறிந்தால் பாட்டிமார் வியப்பர். ஆயினும், ஆத்துமா நோயுள்ள குழந்தைகள் சிலருக்குக் குளிர்ந்த பண்டம் இருமலைத் தூண்டும் என்பதால், அவர்கள் கூற்றை முற்றும் தள்ளிவிடவும் வேண்டா. வீட்டில் முடிவு எதுவாயினும் பாட்டியிடம் வாதிட்டு வென்றவர் இலர் என்பது வேறு செய்தி.

பெட்டியிலோ கடையிலோ உறையிட்டதை வாங்குவோர் உறையைப் படித்தல் நலம். பாற்கொழுப்பால் ஆனதே ஐஸ்கிரீம். தாவரக் கொழுப்பால் ஆனதை உறைந்த இனிப்பு என்றே குறித்தல் வேண்டும். சிறிய எழுத்தில் அது இருக்கும். கெட்டிப்படுத்தச் சில பண்டங்களில் ஜெலட்டின் சேர்ப்பர். அது விலங்கின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுப்பது; மரக்கறி உண்போரும் ஹலால் பேணுவோரும் ஒருசேரப் பார்க்கவேண்டிய சொல் அது. உருகி மீண்டும் உறைந்ததை அதன் கோணிய வடிவமும் உட்புறத்துப் பனித்தூளும் காட்டும், அதனை வாங்கலாகாது. பிளாஸ்டிக்கால் ஆன ஐஸ் குச்சி 2022 சூலை முதல் நாடெங்கும் தடைசெய்யப்பட்டுள்ளது. மரக்குச்சியே முறை; அதுவும் பிசிறின்றி, புதியதாக இருத்தல் வேண்டும். குச்சியை வாயில் வைத்தபடி ஓடும் பிள்ளை இடறி விழுந்தால் அண்ணம் கிழியும். ஆதலின் உட்காரவைத்தே கொடுத்தல் வேண்டும். ஓராண்டு நிரம்பாத குழந்தைக்கு இது தேவையே இல்லை. இரண்டாண்டு வரை சர்க்கரையின்றி வளர்தலே நன்று.

இவ்வளவையும் கேட்ட தாய், ‘பின் எதைத்தான் கொடுப்பது?’ என்று கேட்பாள். அடுக்களையிலேயே விடை இருக்கிறது. 2023 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற நம் மட்டிப்பழம், இம்மாவட்டத்தில் கைக்குழந்தைகளுக்கும் பிசைந்து ஊட்டும் பழமாகும். நன்கு பழுத்த மட்டி இரண்டு, காய்ச்சி ஆறிய பால் ஒரு குவளை; இரண்டையும் மசித்துச் சிறு கிண்ணங்களில் ஊற்றிக் குச்சி செருகிக் குளிர்பெட்டியின் உறைதட்டில் ஓர் இரவு வைத்தால் போதும். சர்க்கரை வேண்டியதில்லை, பழத்தை முழுதாகச் சேர்ப்பதால் நாரும் உடன்வரும். மாம்பழக் காலத்தில் மாங்கூழும், கோடையில் இளநீரில் நறுக்கிய நுங்கும் இவ்வாறே உறையும். கருப்பட்டி கரைத்துச் சேர்ப்போர் உளர், மணம் சிறக்கும். ஆனால், கருப்பட்டி என்பதால் அது சர்க்கரைக் கணக்கிலிருந்து தப்புவதில்லை. மார்த்தாண்டத்துத் தேனுக்கும் இதே கணக்குத்தான்; ஓராண்டு நிரம்பாத குழந்தைக்குத் தேன் எவ்வடிவிலும் ஆகாது, அதில் உறங்கும் நுண்ணுயிர் விதை பிஞ்சுக் குடலில் நஞ்சை விளைக்கக்கூடும். நீர் சேர்ப்பதாயின், நன்கு தளைத்து ஒரு நிமிடமாவது கொதித்த நீரையே ஆறவைத்துச் சேர்க்கவேண்டும்.

வீட்டு ஐஸ் கடை ஐசைப்போல் வழவழப்பாக இராது; மெதுவாக உறைவதால் பனித்துகள் பெரிதாகிக் கரகரக்கும். பிள்ளைகள் முதலில் முகம் சுளிப்பர். நம் இல்லத்தில் இரண்டாம் நாள் குச்சி செருகும் வேலையைப் பிள்ளைகளிடமே விட்டோம். அதன்பின் முறையீடு எழவில்லை. மணியோசை கேட்டால் இன்றும் வாசலுக்கு ஓடுகிறார்கள். ஐஸ்காரரிடம் பால் ஐசே கேட்கவேண்டும், உறையிட்டதாக இருக்கவேண்டும், சோற்றுக்குப் பின் தின்று வாய் கொப்பளிக்கவேண்டும் என்னும் ஒப்பந்தத்தோடு மாதத்தில் ஒருநாள் காசு கொடுக்கிறோம். ஆண்டு விழா நாளில் மட்டும் ஒப்பந்தம் சற்றுத் தளர்வதுண்டு.