பனைசார் வீட்டுப் பொருட்பெயர்கள்: யாழ்ப்பாண வழக்குக் குறித்த ஒரு நோக்கு

வட்டார வழக்குச் சொற்களைத் திருத்தமற்ற சொற்கள் என ஒதுக்குதலும், பழமையின் எச்சங்கள் எனப் போற்றுதலும் எம்மிடையே நெடுங்காலமாக நிலவும் இருவேறு போக்குகளாகும். இவ்விரண்டும் சொற்களை அவற்றைத் தோற்றுவித்த உழைப்பினின்றும் பிரித்து நோக்குவதன் விளைவுகளே. யாழ்ப்பாணத்து இல்லங்களிற் பயன்படும் பனைசார் பொருட்களின் பெயர்களைக் கொண்டு இதனை விளக்க முற்படுவோம்.

நூல்வழக்கு 'ஓலை' என ஒரே சொல்லாற் சுட்டுவதை இவ்வழக்குப் பலவாகப் பகுக்கின்றது. விரியாத இளவோலை குருத்தோலை. பெட்டி, பாய் முதலியன இழைத்தற்குரியது சார்வோலை. மரத்திலேயே உலர்ந்து விழுவது காவோலை. இப்பகுப்பு வெறும் சொல்வளமன்று. சார்வோலையினால் நீற்றுப்பெட்டி இழைக்கலாம். காவோலையோ அடுப்பெரிக்கவே பெரிதும் உதவும். பொருளின் பயன்பாடு வேறுபடுமிடத்துப் பெயரும் வேறுபடுகின்றது. வினைச்சொற்களும் அத்தகையனவே. ஓலையை வார்வர், பெட்டியை இழைப்பர், வேலியை அடைப்பர், கூரையை வேய்வர்.

விதையினின்றும் பெறப்படுவனவற்றுக்கும் இது பொருந்தும். பனங்கொட்டை முளைக்குங்கால் அதனுள்ளே திரளும் உண்ணத்தக்க பகுதி பூரான். கிழங்கு கொண்டபின் எஞ்சும் கொட்டை ஊமல், அது விறகாகும். கிழங்கைப் பிளந்து பச்சையாக உலர்த்தினால் ஒடியல்; அவித்து உலர்த்தினால் புழுக்கொடியல். ஒடியல் மாவாகிக் கூழுக்கும் பிட்டுக்கும் உதவ, புழுக்கொடியல் அவ்வாறே கடித்து உண்ணப்படும். ஆக, ஒவ்வொரு பெயரும் உற்பத்தியின் ஒரு கட்டத்தைக் குறித்து நிற்கின்றது. ஓலையால் இழைத்த பைக்கு உமல் என்று பெயர். ஊமலுக்கும் உமலுக்கும் ஒலியில் வேறுபாடு முதலெழுத்தின் நெடில் குறில் மாத்திரமே. எனினும் அடுப்படியில் எவரும் அவற்றை மயங்குவதில்லை.

மட்டையின் அடியிலே வலைபோல் அமையும் பன்னாடை, கள் வடிக்கப் பயன்பட்டது. சாறு கீழிறங்க, தூசி துரும்பு அதன்கண் தங்கும். தொழிலாளிக்கு இதுவே அதன் சிறப்பு. கற்றோர் மரபிலோ, நல்லதை விட்டு அல்லதைப் பற்றும் மாணாக்கனுக்கு அது உவமையாயிற்று. பேச்சில் வசைச் சொல்லுமாயிற்று. ஒரே பொருளை உழைப்போர் நோக்கும் விதமும் ஏனையோர் நோக்கும் விதமும் எத்துணை வேறுபடுகின்றன என்பதற்கு இஃது ஒரு சான்றாகும்.

1842 இல் வெளிவந்த யாழ்ப்பாண அகராதியும், 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியும் சொல்லாராய்ச்சிக்கு ஆற்றிய பணி பெரிது. பின்னையது யாழ்ப்பாண வழக்குகளைத் தனியே குறியிட்டும் காட்டியது. எனினும், அகரவரிசை சொற்களை ஒன்றினின்றொன்று பிரித்துவிடுகின்றது. குருத்தோலையும் சார்வோலையும் காவோலையும் வெவ்வேறு பக்கங்களிற் சிதறிக்கிடக்க, அவற்றை இணைத்த தொழில் மறைந்துவிடுகின்றது. இச்சொற்களை நாளாந்தம் வழங்கியோர் மரமேறிய தொழிலாளரும் பெட்டியிழைத்த பெண்களுமாவர். சாதியாலும் பால்வேற்றுமையாலும் ஒதுக்கப்பட்ட அவர்தம் மொழி, பாடநூலில் இடம்பெறாமை தற்செயலானதன்று.

இன்று கடகத்தின் இடத்தைப் பிளாஸ்ரிக் கூடையும், ஓலைவேலியின் இடத்தை மதிலும் தகரமும் பெரிதும் பற்றிக்கொண்டன. 1983 முதல் 2009 வரையிலான போரிலே பதுங்குகுழிகளுக்காகவும் பனைகள் பெருமளவில் வீழ்த்தப்பட்டன. இடம்பெயர்ந்தோர் பலர் பொருளையும் தொழிலையும் ஒருங்கே இழந்தனர். பொருள் வழக்கொழியின் சொல்லும் ஒழியும் என்பது இயல்பே. கடகத்தை மீளச் சுமக்குமாறு எவரையும் நாம் கோரவில்லை, அச்சுமை இலேசானதுமன்று. ஆனால், அவ்வுழைப்பு வளர்த்த அறிவு பதிவின்றி அழிதல் எமது சமூக வரலாற்றுக்கு நேரும் இழப்பாகும்.

எனவே சொற்றொகுப்பு அகரவரிசையினின்றன்றித் தொழிலினின்றும் தொடங்குதல் வேண்டும். ஓலை வெட்டுதல் தொடக்கம் பெட்டி முடிதல் வரை, செய்வோர் கூறும் பெயரையும் வினையையும் ஊர் வேறுபாட்டுடன் முறையே பதிதல் தகும். அப்பணியில் அவர்களைத் தகவல் தருவோராக மாத்திரமன்றி, அத்துறையின் அறிஞராகவும் நாம் கொள்ளுதல் வேண்டும்.